இடப்பக்க சீட்

பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளம்பி, முனியாண்டி கோயில் வளைவைத் தாண்டியதும், காலியாக இருந்த இடப்பக்க சீட்டுக்காகக் கார் மணியடிக்கத் தொடங்கியது. பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சொல்கிற மணி. சந்திரிகா கைப்பையைத்தான் சந்தேகித்தாள். கொஞ்சம் கனமான பையை வைத்தாலே இந்த எலெக்ட்ரிக் கார் அதை ஆள் என்று நினைத்துக்கொள்ளும். பையை எடுத்துப் பின்னால் போட்டாள். மணி நிற்கவில்லை. ஜப்பானில் எவரோ ஓட்டித் தேய்த்துக் கப்பலேற்றி அனுப்பிய பழைய கார் அது. திரையில் ஜப்பான் எழுத்து, வழி சொல்லும் பெண் குரலும் ஜப்பான் மொழிதான். "ஒன் தங்கச்சி என்னமோ சொல்றா, கேளு" என்று அவள் புருஷன் சண்முகநாதன் கேலி செய்வான். தங்கச்சிக்கு இன்றைக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, சந்திரிகா ஏற்றத்தில் அழுத்தினாள்.

பொழுது சாய்வதற்குள் கண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். மூன்று மாதப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பால் கட்டி, மார்பு இரண்டும் வலியெடுத்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. பால் கொடுக்கிறவள் இழவு வீட்டுக்குப் போகக் கூடாதென்று மாமியார் காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஆனால் செத்துப் போனது வீரம்மா அத்தை. அப்பாவின் அக்கா, தாயில்லாத சந்திரிகாவைத் தூக்கி வளர்த்தவள். போகாமல் எப்படி இருப்பது? நாளை அடக்கத்துக்கு நிற்க மாட்டேன், முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் வந்தாள்.

கிளம்பும்போது ஒரு தப்பு நடந்துவிட்டது. லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், கிடத்தியிருந்த அத்தையின் காலைத் தொட்டவள், வாய்ப் பழக்கத்தில், "வாறேன் அத்தை" என்று சொல்லிவிட்டாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பக்கத்துக் காம்பரா வடிவம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"எழவு வீட்டுல சொல்லிக்கிட்டுப் போறதா? அதுவும் கைப்புள்ளக்காரி. பேசாம எந்திரிச்சுப் போ. திரும்பிப் பாக்காத."

வெளியே வந்து, நனைந்த குடையை உள்ளே வைக்க இடப்பக்கக் கதவைத் திறந்த நேரம் ஃபோன் அடித்தது. பிள்ளை அழுகிறது, எப்போது வருவாய் என்று சண்முகநாதன். திறந்த கதவைப் பிடித்தபடி, அந்த வீட்டையே பார்த்தபடி, அவள் ஆறுதலாகப் பேசி முடித்தாள். அப்புறம்தான் கதவைச் சாத்தினாள்.

வீடு போய்ச் சேரப் போதும் என்று கணக்குப் பண்ணியிருந்த சார்ஜ், நாலு பேரை ஏற்றியதுபோல மளமளவென்று இறங்கியது. மேட்டின் உச்சிக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது திரையில் ஆமைப் படம் வந்தது. அதற்குமேல் கார் ஊர்ந்தது. பிறகு அதுவும் இல்லை. இரண்டு பக்கமும் தேயிலை, தேயிலைக்கு மேல் பனிமூட்டம், ஒரு மனித நடமாட்டமும் கிடையாது.

திகனயில் இந்தக் கார்களைப் பழுது பார்க்கிற, அண்ணன் முறையில் அவள் 'நானா' என்று கூப்பிடுகிற அஸீமுக்கு ஃபோன் போட்டாள்.

"பயப்படாதீங்க தங்கச்சி. ஆஃப் பண்ணிக் கொஞ்ச நேரம் விடுங்க. பொறகு ஸ்டார்ட் பண்ணினா அந்த மேட்டைத் தாண்ட இழுக்கும். தாண்டிட்டா வத்தேகம வரைக்கும் எறக்கம்தானே, எறங்க எறங்க சார்ஜ் ஏறும். நான் உங்க மாப்பிள்ளைக்கும் சொல்லி வெக்கிறேன்." மணிச் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். "அது என்ன மணி? பக்கத்துல இருக்கிறவங்களப் பெல்ட்டப் போடச் சொல்லுங்க."

"பக்கத்துல யாரும் இல்ல நானா."

"சென்சர் நனைஞ்சிருக்கும்" என்றான். குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை.

காரை அணைத்ததும் மணி நின்றது. முக்கால் மணி நேரம் அப்படியே காத்திருந்தாள். கூரையில் தூறல் விழும் சத்தம், தூரத்தில் இழவு வீட்டுத் தப்பு மேளச் சத்தம், தன் மூச்சு எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. நனைந்த சாமந்தியும் ஊதுபத்தியும் மணத்தன. சேலையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்தாள். அதற்கு அடியில், அத்தை நெஞ்சுச் சளிக்குப் பூசுகிற கற்பூரத் தைலத்தின் வாசம், நெருக்கத்தில் குனிந்து பேசினால் மட்டும் வருகிற அந்த வாசம், வந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்துக் கண்ணாடி தெளிவாக இருந்தது. இடப்பக்கக் கண்ணாடியில் ஓரிடத்தில், உட்கார்ந்தால் வாய் இருக்கும் உயரத்தில், உள்ளேயிருந்து ஆவி படிந்தது. கலைந்தது. மறுபடி படிந்தது.

பட்டனை அமுக்கினாள். கார் உயிர்பெற்றது. மணி அடிக்கவில்லை. அப்பாடா என்று திரும்பினாள்.

இடப்பக்க சீட்டில் பெல்ட் போடப்பட்டிருந்தது. குறுக்கே வந்து, பூட்டில் மாட்டியிருந்தது. சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு மெலிந்த உடம்பின் அளவுக்குத் தள்ளி நின்றது.

"கொழந்தைய ஒரு தடவ மடியில போட்டுக்கணும் புள்ள" என்று மூன்று மாதமாக ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தாள் அத்தை. "நானே கார் எடுத்துக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று இவளும் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வழி சொல்லும் பெண் குரல் மரியாதையாக ஏதோ பேசி, திரையில் வீட்டுக்கு ஒரு நீலக் கோடு போட்டது. மேட்டைத் தாண்டினால் போதும். காரே கொண்டுபோய்விடும். இரண்டு பேரையும்.

சந்திரிகா காரை அணைத்தாள். மாட்டேன் என்று நினைத்தாள். இங்கேயே கிடந்து விறைத்தாலும் பிள்ளையிடம் கொண்டுபோக மாட்டேன்.

"அத்தை, பாப்பா சின்னது. வேணாம் அத்தை."

கண்ணாடியில் ஆவி படிந்தது.

ஃபோன் அடித்தது. ஃபோனின் சார்ஜும் சிவப்பில் இருந்தது.

"அஸீம் சொன்னாரு" என்றான் சண்முகநாதன். "நீ அசையாத. வாடகை வேன் புடிச்சு வந்துக்கிட்டிருக்கேன். பாப்பா புட்டிய வாயிலயே வெக்கல, அழுது அழுது தொண்ட கட்டிப்போச்சு. அதான் தூக்கிட்டு வந்துட்டேன். இந்தா, பக்கத்துல வந்துட்டோம்."

"கொண்டு வராதீங்க. பாப்பாவக் கொண்டு வராதீங்க."

ஃபோன் திரை கறுத்திருந்தது. அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

ஓடிப்போய் வழியிலேயே மறிக்க வேண்டும். கைப்பிடியை இழுத்தாள். கைப்பிடி வந்தது, கதவு வரவில்லை. தோளால் இடித்தாள். கண்ணாடியைக் குத்தினாள். மிச்சம் இருப்பது இடப்பக்கக் கதவு. அந்த சீட்டைத் தாண்டி. அந்த மடியைத் தாண்டி.

கையை நீட்டினாள். பாதியில் காற்று ஜில்லென்றிருந்தது. கை பின்வாங்கிக்கொண்டது.

மேட்டில் வெளிச்சம். வேன். கதவு திறக்கும் சத்தம். பிள்ளையின் அழுகை. அழுகை கேட்டதுமே பால் கசிந்து ரவிக்கை நனைந்தது.

டக்.

பெல்ட் மெதுவாகச் சுருண்டு மேலே போனது. இடப்பக்கக் கதவு திறந்தது. கார் ஒரு பக்கம் லேசாக எழும்பி நின்றது.

அழுகை நின்றது. தட்டிக் கொடுக்கும்போது நிற்குமே, அப்படி.

சண்முகநாதன் அவள் பக்கத்துக்கு ஓடி வந்தான். கதவை இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான்.

"பாப்பா எங்க?"

"அந்தம்மா வாங்கிக்கிட்டாங்களே" என்றான் அவன். "ஒன்கூட முன்னுக்கு இருந்தவங்க. முக்காடு போட்டுக்கிட்டு."

திறந்து கிடந்த கதவு வழியாகச் சந்திரிகா பார்த்தாள். தேயிலைக்கு நடுவே, பிள்ளையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துவாய், தோள் உயரத்தில், தப்புச் சத்தம் வந்த பக்கமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.