ஊற்றாத கரைசல்

உலகோர் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், மரணம் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஒழித்தவர் திசு வங்கியின் இயக்குநர். விழா திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கீழ்த்தளக் குளிர் அறையில். தேநீர் உண்டு.

இந்தச் சுற்றறிக்கை ஒட்டியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வந்தான் மறதி. அது அக்கா வைத்த பெயர். தினமும் போனில், "கேஸை மூடுனியாடா? கதவைப் பூட்டுனியாடா?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயரை நிலைக்கவைத்தவள் அவள்.

அவன் வேலை எளிது. அறுவை அறையிலிருந்து வரும் சதையைப் பயறளவு நறுக்கி, பாதுகாப்புக் கரைசல் ஊற்றிய குழாயில் உடனே போட வேண்டும். டிஎன்ஏ தடித்த தோல்காரர்; கொஞ்சம் தாமதம் பொறுப்பார். ஆர்என்ஏ அப்படியல்ல. இந்த நிமிடம் செல் என்ன பேசிக்கொண்டிருக்கிறதோ, அதுதான் ஆர்என்ஏ. உடலை விட்டு வந்ததும் அந்தப் பேச்சைச் செல்லே தின்னத் தொடங்கிவிடும். கரைசல் ஊற்றினால் பேச்சு அப்படியே நின்றுவிடும்.

இரண்டு மாதம் முன்பு வந்த துண்டு அக்காவுடையது. குழாய்ச் சீட்டில் அவள் பெயர் இருந்தது. 'கரைசல் ஊற்றப்பட்டது' என்று பதிவேட்டிலும் அந்தச் சீட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஊற்ற மறந்தான். குழாயை உறைபெட்டிக்கு எதிரே இருந்த மேசையிலேயே விட்டுவிட்டு அவளைப் பார்க்க ஓடினான்.

நாலாம் நாள் அக்கா போய்விட்டாள்.

எட்டாம் நாள் அவன் திரும்பியபோது, மேசையில் கிடந்த குழாயை இயக்குநர் சோதித்து முடித்திருந்தார். ஆர்என்ஏ தர மதிப்பெண் பத்துக்குப் பத்து; துளியும் சிதையவில்லை. கரைசல் இயக்குநரின் சொந்தத் தயாரிப்பு. மரணம் ஒழிந்த கதை இவ்வளவுதான்.

அன்றிலிருந்து வருகிற விருந்தினருக்கெல்லாம் அந்தத் துண்டில் ஒரு சீவல் வெட்டிக் காட்டினார். மறுநாள் எடை குறைந்திருக்காது. ஆர்என்ஏ அறிக்கை மட்டும் மாறும். 'இப்போதுதான் காயம் பட்ட சதை' என்றது முதல் அறிக்கை. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் காயத்தின் அளவு ஏறிக்கொண்டே போனது.

சுற்றறிக்கையைப் பார்த்த அந்த வெள்ளிக்கிழமை அவன் இயக்குநரிடம் போனான்.

"சார், அதுல நான் கரைசலே ஊத்தலை."

"ஊத்துனதா உங்க கையெழுத்து இருக்கே."

"பொய்யா எழுதிட்டேன் சார். அது எங்க அக்கா. எரிச்சுடலாம் சார். வலிக்குது அவளுக்கு."

"துக்கத்துல பேசுறீங்க. செத்தும் எவ்வளவு பிரயோஜனமா இருக்காங்க பாருங்க. போய் முகம் கழுவுங்க."

அவன் கழுவவில்லை. குளிர் அறைக்கு இறங்கினான். ஜன்னலில்லாத அறை. உறைபெட்டியின் இரைச்சல் யாரோ மூக்கடைத்து மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கியது. அக்காவின் குழாய் பதினேழாம் குழியில் இருந்தது. சுற்றியிருந்த குழாய்களிலெல்லாம் வெண்பனி பூத்திருந்தது. அந்த ஒன்றில் மட்டும் இல்லை.

விரல் பட்டது.

வெதுவெதுப்பாக இருந்தது.

அக்கா நெற்றியில் தடவும் தைலத்தின் வாசனை மெல்ல எழுந்தது. குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், கழிவு எரிக்கும் உலைக்குள் தன் கையாலேயே எறிந்தான். சாம்பலாகும்வரை நின்றான்.

திங்கள் காலை ஒன்பதே முக்காலுக்குப் பெட்டியைத் திறந்தான். பதினேழாம் குழி காலி.

இரண்டு மாதத்தில் முதன்முறையாக முழு மூச்சு விட்டான்.

அந்த மூச்சில் தைலம் மணத்தது.

"ஊத்துனியாடா?"

காதுக்குப் பின்னால், மிக அருகில். திரும்பினான். யாருமில்லை. இரண்டு மாதம் முன்பு அவன் விட்டுவிட்டு ஓடிய அதே மேசையில், அதே இடத்தில், அதே குழாய். அவன் கையெழுத்திட்ட சீட்டு. உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு துண்டு, மெல்லத் துடித்தது.

கரைசல் புட்டியை எடுத்தான். மூடியைத் திருகினான்.

கை அங்கேயே நின்றது.

ஊற்றினால் பேச்சு அப்படியே நின்றுவிடும். இப்போது அவள் பேசிக்கொண்டிருப்பது வலியை.

ஊற்றாவிட்டால், ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த வலி ஏறும். படியில் விருந்தினரின் காலடிச் சத்தம் கேட்டது.

"ஊத்துனியாடா?"

"அக்கா, என்ன பண்ணட்டும்னு நீயே சொல்லு."

அவள் எப்போதுமே கேள்வி மட்டும்தான் கேட்பாள்.

பத்து மணிக்கு, ஊற்றாத புட்டியோடு அவன் நிற்கையிலேயே, இயக்குநர் அன்றைய முதல் சீவலை வெட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

தேநீர் வரவில்லை.