பனிமேட்டு அறையின் விளக்கு

காலையில் வந்து கணினியைத் திறந்ததும் மிருணாளினியின் கண்ணில் முதலில் பட்டது அந்த எண்தான். அறையின் வெப்பநிலை மைனஸ் நாற்பத்தொன்பது. வெள்ளிக்கிழமை மாலை அவள் வீட்டுக்குப் புறப்பட்டபோது மைனஸ் ஐம்பத்திரண்டு. மூன்று பாகைதான். ஆனால் ஆளில்லாத, கதவு பூட்டிய, ஹீற்றர் நிறுத்திய ஓர் அறை தானாகச் சூடாவதில்லை.

அந்த அறை இருந்தது அன்டார்க்டிக்காவின் நடுமேட்டில். அவள் இருந்தது பல ஆயிரம் கிலோமீற்றர் தள்ளி, பரமட்டா நகரின் ஐந்தாம் மாடி அலுவலகம் ஒன்றில். பேரண்டத்தின் மிகப் பழைய ஒளியைத் தேடும் தொலைநோக்கி அங்கே விடியாத குளிர்கால இருட்டுக்குள் தனியாக நின்றது. அதை இங்கிருந்து இயக்குவது அவள் வேலை. கோடையில் போகும் பொறியியலாளர்கள் தங்குவதற்காக, அதன் பக்கத்தில், இரண்டாள் உயர இரும்புக் கால்களின் மேல் கட்டிய சிறிய அறை. பெப்ரவரியில் பூட்டினால் நவம்பரில்தான் திறப்பார்கள். அறுநூறு கிலோமீற்றர் சுற்றளவில் ஒரு மனிதர் இல்லை.

அன்று பொது விடுமுறைத் திங்கட்கிழமை. அவளை யாரும் வரச் சொல்லவில்லை. மகள் தகப்பனோடு மெல்பேர்ணுக்குப் போயிருந்தாள். வென்ட்வேர்த்வில் வீட்டில் இருந்தால் பிரிட்ஜின் சத்தத்தையும் மேல்வீட்டுக்காரர் கதிரை இழுக்கும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு இது பரவாயில்லை என்று வந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே மழை. இருக்கைகள் எல்லாம் காலி.

அறைக்குள் ஒரு மைக் இருந்தது, இயந்திரங்களின் ஓசையை வைத்தே கோளாறைக் கண்டுபிடிப்பதற்காக. ஹெட்போனை மாட்டினாள். ஜெனரேட்டரின் சீரான முனகல், இரும்புச் சுவரில் சீனியைக் கொட்டியதுபோல ஓயாமல் உரசும் பனித்துகள், குளிரில் எங்கோ சுருங்கி முறியும் உலோகத்தின் சின்னச் சொடுக்கு, இவை எல்லாவற்றுக்கும் அடியில், கவனித்துக் கேட்டால் மட்டும் பிடிபடும் இன்னொன்று. உள்ளே போகிறது. நிற்கிறது. மெல்ல வெளியே வருகிறது.

மூச்சு.

விளக்கைப் போடும் கட்டளையை அனுப்பினாள். கமெராவில் அறை தெரிந்தது. மேசை, தட்டு, மடித்த போர்வைகள், எதிர்ச்சுவரில் உள்ள ஒரே யன்னல் எல்லாவற்றிலும் உறைபனி வெள்ளை மயிர்போல முளைத்திருந்தது. கமெராவுக்கு நேர் கீழே உள்ள மூலை மட்டும் படத்தில் வராது. ஆள் இல்லை. பிறகுதான் கதிரையைப் பார்த்தாள். அதன் இருக்கையில் மட்டும் பனி இல்லை.

விளக்கு அணைந்தது.

அவள் அணைக்கவில்லை. மறுபடி போட்டாள். நான்கு விநாடி. அணைந்தது. அறைக்குள்ளே, கமெரா இருக்கும் சுவரில், ஒரு சுவிட்ச் உண்டு என்பது அவளுக்குத் தெரியும்.

மெல்பேர்ணுக்குப் பக்கத்தில் பொயிண்ட் குக்கில் இருக்கும் சுபாங்கனுக்குப் போன் எடுத்தாள். கடைசியாக அந்த அறையைப் பூட்டிவிட்டு வந்த பொறியியலாளன் அவன். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது, யாருடையதோ பிறந்தநாள். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, சென்சர் பழுதாகியிருக்கும், வயரில் பனி இறங்கியிருக்கும் என்றான்.

"சுபாங்கன், ஆரையாவது விட்டிட்டு வந்தனீங்களா?"

அவன் ஏதோ ஒரு கதவைச் சாத்தினான், பிள்ளைகளின் இரைச்சல் தூரமானது.

"அஞ்சு பேர் போனனாங்கள் அக்கா. அஞ்சு பேரும் திரும்பி வந்திட்டம். நீங்கள் வீட்டை போங்கோ."

போனை வைத்தபின் அலுவலகம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. மூச்சு இன்னும் கேட்டது. இப்போது அதில் நடுக்கம் இருந்தது. குளிரில் நடுங்கும் மூச்சு. அது யாராக இருந்தாலும், எப்படி வந்திருந்தாலும், இருட்டில் தனியாக ஒரு மூலையில் கிடக்கிறது என்று நினைத்தபோது பயத்தோடு இரக்கமும் வந்தது.

ஹீற்றருக்கும் தொலைநோக்கிக்கும் சேர்த்துக் கொடுக்க அங்கே மின்சாரம் போதாது. தொலைநோக்கி பதினோரு நாட்களாக வானத்தின் ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிறுத்தினால் அத்தனையும் வீண். வேலையும் போகலாம். நிறுத்தினாள். ஹீற்றரைப் போட்டாள். விளக்கைப் போட்டு, உள்ளே இருக்கும் சுவிட்ச் வேலை செய்யாதபடி இங்கிருந்தே பூட்டினாள்.

"பயப்பிடாதேங்கோ," என்றாள் திரையைப் பார்த்து. அங்கே அது கேட்காது.

மூச்சு வேகமானது. பிறகு ஒரு சத்தம். டக். டக். டக். யாரோ சுவிட்சை அழுத்துகிறார்கள். விடாமல். வெறிபிடித்ததுபோல. விளக்கு அணையவில்லை.

மைனஸ் முப்பது. மைனஸ் இருபத்திரண்டு. யன்னலின் உறைபனி நடுவில் இருந்து உருகத் தொடங்கியது. நாணயம் அளவு கறுப்பு வட்டம். தட்டு அளவு.

அதில் ஒரு முகம்.

வெளியே. இரண்டாள் உயரத்தில். கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி. அந்தக் குளிரில் உயிருள்ள எதன் மூச்சும் கண்ணாடியில் ஆவியாகப் படியும். எதுவும் படியவில்லை.

பக்கத்தில் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று.

டக் டக் நின்றுவிட்டது. மூச்சும் நின்றுவிட்டது. அடக்கிக்கொண்ட மூச்சு.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இருட்டு, அது ஒளிந்திருந்த இடம். அவள்தான் விளக்கைப் போட்டாள்.

அணைக்கும் கட்டளையை அடித்தாள். விரல் வழுக்கியது. மறுபடி அடித்தாள். திரையின் ஓரத்தில் சிவப்பு எழுத்து: இணைப்பைத் தரும் செய்மதி தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டது. அடுத்த இணைப்பு நாற்பத்தொரு நிமிடத்தில். ஹெட்போனில் வெறும் அமைதி.

கடைசியாக வந்த படம் மட்டும் திரையில் அசையாமல் நின்றது. வெளிச்சமான அறை. யன்னல் நிறைய முகங்கள், இடைவெளி இல்லாமல். ஒன்றுகூடக் கமெராவைப் பார்க்கவில்லை. எல்லாம் அதற்கு நேர் கீழே, அந்த மூலையைப் பார்த்தன. படத்தின் கீழ் விளிம்பில், கமெராவை நோக்கி, அவளை நோக்கி, எட்டிப் பிடிக்க வந்த நான்கு விரல்கள்.