இமையில் வைத்த முட்டை

இமைமேல் வைத்திருந்த முட்டை உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்டியது.

பாங் ஷிலின் அதை எடுத்து விளக்கின் முன்னால் பிடித்துப் பார்த்தார். உள்ளே இருக்க வேண்டியதுதான் இருந்தது. சிலந்தி சிவப்பு நூலில் வலை பின்னத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டுப் போனதைப் போல நாலு நரம்பு, நடுவில் ஒரு கரும்புள்ளி. இன்குபேட்டருக்குள் போய் ஒரு வாரம்கூட ஆகாத முட்டை. தட்டுவதென்றால் அலகு வேண்டும். அலகென்ன, இதற்குத் தலையே இன்னும் ஒழுங்காக வரவில்லை.

அதைத் தட்டில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து இமையில் ஒற்றினார். இது பேசாமல் இருந்தது. வயசாகிறது, நரம்பு துடிக்கிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு மூன்றாவதை வைத்தார்.

டொக்.

அந்தக் கூட்டுறவுப் பொரிப்பகத்தின் உள்ளறைகளுக்குப் பகலும் இருட்டுதான். ஜன்னல்களை எப்போதோ செங்கல் வைத்து அடைத்தாயிற்று, வாசலில் பஞ்சு தைத்த கனத்த திரை. வெளியே பிளம் பழுக்கிற மாதத்து மழை கால்வாய்மேலும் கூரைமேலும் வாத்துகள்மேலும் பாரபட்சமில்லாமல் நாட்கணக்காகப் பெய்துகொண்டிருந்தது. உள்ளே இன்குபேட்டர்களின் விடாத முனகல், காயாத பஞ்சின் முடைநாற்றம், சுண்ணாம்பின் காரம், இவை எல்லாவற்றுக்கும் அடியில், எத்தனை தடவை கழுவிவிட்டும் போகாமல், இறகோடு வெந்த எதனுடையதோ ஒரு வாடை. அது கடைசி அறையிலிருந்து வந்தது.

கடைசி அறையில் அடைமேடைகள் இருந்தன. இன்குபேட்டரில் பாதிக் காலத்தைக் கழித்த முட்டைகளை அந்த மரமேடைகளில் பரப்பி, பஞ்சுப் போர்வையால் மூடிவிடுவார்கள். அதற்குமேல் மின்சாரம் வேண்டாம். உள்ளே வளர்கிற குஞ்சுகளின் சூடே குஞ்சுகளுக்குப் போதும். போர்வையை எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. அதற்குக் கருவி, மூடிய கண். முட்டையை இமைமேல் ஒற்றினால் சூட்டை இமை சொல்லிவிடும்.

ஷிலினின் இமை சொல்வதைப் போல் கால்வாயின் இரண்டு கரையிலும் வேறெந்த இமையும் சொல்லாது என்று ஒரு பேச்சு இருந்தது. அதைப் பரப்பியவர்களில் ஷிலினும் ஒருவர். பேச்சு வளர்ந்து மாவட்டத் தலைநகர் வரைக்கும் போய், அங்கிருந்து ஒரு பித்தளைப் பலகையாகத் திரும்பி வந்தது. அதில் 'தங்க இமை' என்று பொறித்திருந்தார்கள். தங்கம் என்று எழுதிப் பித்தளையைக் கொடுப்பதில் கொடுத்தவர்களுக்கும் கூச்சமில்லை, வாங்கியவருக்கும் இல்லை.

பஞ்சுத் திரை விலகியது. சூயிங் நின்றுகொண்டிருந்தாள். செத்துப்போன அண்ணனின் மனைவி, அடைமேடைகளைப் பார்த்துக்கொண்டவள். ஒரு கையில் சொட்டும் குடை, மறு கையில் மூங்கில் கூடை.

“உள்ள வரலாமா, இல்ல அதுக்கும் கோ செயலாளர்கிட்ட மனு போடணுமா?”

“வாங்க அண்ணி. உக்காருங்க.”

“உக்கார வரல. இந்தக் கோழி எழுந்திரிக்க மாட்டேங்குது.”

கூடைக்குள் மஞ்சள் கோழி ஒன்று இறகை விரித்து அப்பிக்கொண்டு கிடந்தது. அது எந்த முட்டைகள் என்று ஷிலின் கேட்கவில்லை. மேடை முழுக்க வெந்துபோன அன்றைக்கு அதிலிருந்து ஏழெட்டு முட்டைகளை அவள் மடியில் அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்திருந்தார். ஒன்றாவது பிழைக்காதா என்று அடைக்கோழிக்கு அடியில் வைத்திருக்கிறாள். பொரிக்க வேண்டிய நாள் எப்போதோ தாண்டிவிட்டது.

“கூமுட்டைன்னா கோழி தானே எழுந்து போயிடும் தம்பி. இது இரையெடுக்கக்கூட எறங்கல. தலையச் சாய்ச்சுச் சாய்ச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கு.”

“என்னத்தக் கேக்குது?”

“என்னைக் கேட்டா? நீதான தங்க இமை.”

ஷிலின் விளக்கின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“இன்னிக்குக் கூட்டத்துல என்னை வெளிய அனுப்பப் போறாங்களாம்,” என்றாள். “வேலையோட பின்கட்டு அறையும் போயிடும். இந்த வயசுல நான் யார் வீட்டு வாசல்ல போய் நிப்பேன்? நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

“ஊரு என்ன பேசும் அண்ணி?”

“ஊரு ஒரு வாரம் பேசும். அப்புறம் வேற எவனாவது கெடைப்பான்.”

“பலக குடுத்த அன்னிக்கே இப்படி ஆச்சுன்னா...”

“அந்தப் பலகையக் குடுத்தா ஒரு நொண்டி வாத்துகூட வராது.” கூடையைக் கடைசி அறை வாசலில் இறக்கி வைத்தாள். “இது இங்கயே இருக்கட்டும். போற எடம் தெரியாம நான் எங்க தூக்கிக்கிட்டு அலையறது?”

அவள் போன பிறகும் கோழி அசையவில்லை. ஒரு கண்ணால் ஷிலினைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது. ஒரு கண்ணின் சாட்சி போதாது என்பதைப் போல.

நடந்தது இதுதான். பலகை கொடுத்த அன்று பொரிப்பக முற்றத்தில் விருந்து. வாழ்த்துரைக்கு ஒரு கோப்பை சோளச் சாராயம் என்று கணக்கு. கூட்டுறவுச் செயலாளர் கோ வாழ்த்தத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவர். முகம் அடுப்பாகக் கனன்ற நிலையில் ஷிலின் விருந்தாளிகளை வாலாக இழுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனார். மேடை நிறைய, ஓரிரு நாளில் பொரிய வேண்டிய முட்டைகள். ஒன்றை எடுத்து இமையில் வைத்தார். சில்லென்று இருந்தது.

முட்டை குளிர்ந்திருக்கவில்லை. இமை கொதித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல்காரனுக்கு வெந்நீரும் பச்சைத் தண்ணீராகத்தான் படும். சாராயம் ஏறின இமையை முட்டையின்மேல் வைக்கக் கூடாதென்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தங்க இமைக்கு எதற்கு அரிச்சுவடி?

“குளிருது,” என்று சபைக்கு அறிவித்துவிட்டு, தன் கையாலேயே ஒரு போர்வையைத் தூக்கிப் போட்டார்.

“சூடு சரியா இருக்கு தம்பி,” என்றாள் சூயிங். “மேல போட்டா வெந்துடும்.”

இரண்டாவதைப் போட்டார். அப்போது முட்டைகள் கத்தத் தொடங்கின. ஓட்டுக்குள்ளிருந்து, மெல்லிசாக, நூற்றுக்கணக்கில், மேடை முழுக்க.

“கேளு. சூடு தாங்காம கத்துதுங்க.”

“குளிருக்கு அழுவுதுங்க அண்ணி.” மூன்றாவதையும் போட்டார். விருந்தாளிகள் கைதட்டினார்கள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. “பாத்தீங்களா? கதகதப்பு வந்ததும் தூங்கிடுச்சுங்க.”

அன்று காவல் முறை சூயிங்குடையது. அவள் போர்வையை எடுக்கப் போனபோது, தொட்டால் இந்த அறைப் பக்கமே வரக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போய்ப் படுத்தார். விடிந்து போர்வையைத் தூக்கியபோது ஆவி பறந்தது. ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு சின்னத் துளை. ஒவ்வொரு துளையிலும் ஒரு அலகு. எல்லா அலகும் திறந்திருந்தது.

விருந்தாளிகளுக்கு எதுவும் நினைவில்லை. அவ்வளவு நல்ல விருந்து. யார் பொறுப்பு என்று செயலாளர் கேட்டபோது ஷிலின், “காவல் அண்ணியோடது” என்று மட்டும் சொன்னார். அதில் பொய்யே இல்லை. அதனால்தான் அவ்வளவு கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

கூட்டம் முன்னறையில் நடந்தது. கோ செயலாளர் மூடி போட்ட பீங்கான் குவளையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்தபடி நின்றார். அதில் வெந்நீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே விஞ்ஞான நிர்வாகம் பற்றிப் பேசினார். நிர்வாகமும் தெரியாது, விஞ்ஞானமும் தெரியாது என்பதால் தடையில்லாமல் பேச முடிந்தது. மழை கூரையில் இரைந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், உள்ளறைப் பக்கமிருந்து, ஷிலினுக்கு மட்டும் கேட்டது. டொக். சற்றுப் பொறுத்து, டொக் டொக். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“நம்ம தங்க இமையே சொல்லட்டும். அன்னிக்குப் போர்வையப் போட்டது யாரு?”

சூயிங் கதவருகே நின்றிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை. 'நான்' என்ற அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்து நின்றது. சுவரில் பலகை பளபளத்தது. காலையில்தான் துடைத்திருந்தார்.

“அண்ணிதான் போட்டாங்க,” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள், எதிர்பார்த்ததுதானே என்பதைப் போல. குடையை விரித்தாள்.

“வரேன் தம்பி. குளிர்ல நிக்காத. நல்லாப் போர்த்திக்க.”

வெளிவாசல் கதவு கிறீச்சிட்டுச் சாத்திக்கொண்டது.

“ஆக,” என்றார் செயலாளர், “பழையன கழிந்தன. புது முட்டைங்க எப்படியிருக்குன்னு நம்ம நிபுணர் இப்ப எல்லாருக்கும் காட்டுவார்.”

தட்டைக் கொண்டுவந்தார்கள். ஷிலின் ஒன்றை எடுத்தார். கண்ணை மூடினார். ஒற்றினார்.

டொக்.

முட்டையை எடுத்துவிட்டார்.

டொக்.

கையில் முட்டை. கை கீழே. கண் மூடியிருக்கிறது. டொக். இமையின் உட்பக்கம். கூர்மையான, ஈரமான, பொறுமையான ஏதோ ஒன்று. வலது கண்ணில். பிறகு இடதில்.

கண்ணைத் திறக்கப் பார்த்தார். இமை பிரியவில்லை. வழவழப்பாக, விளிம்பில்லாமல், ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. முட்டை கையிலிருந்து விழுந்து உடைந்தது. அடுத்தது அவர் விழுந்தார்.

“பிடிங்க, பிடிங்க. கண்ணத் தொறக்கலையே.”

“வெடவெடன்னு நடுங்கறாரு.”

குவளையை வைத்துவிட்டுச் செயலாளர் அவர் நெற்றியில் கை வைத்தார். வெந்நீர்க் குவளையை இவ்வளவு நேரமாக அணைத்திருந்த கை.

“பனிக்கட்டியா இருக்கே,” என்றார் செயலாளர். “படுக்க வைங்க. அடைமேடை காலியாத்தானே கெடக்கு.”

தூக்கிப் போனார்கள். முதுகுக்கடியில் பலகை. அந்த வாடை. மேலே ஒரு போர்வை விழுந்தது. எந்தப் போர்வை என்று அதன் கனத்திலேயே தெரிந்தது. உடம்பு எரிந்தது. வாயைத் திறந்து எரியுது எடுங்க என்று சொல்லப் பார்த்தார். பல் கிட்டித்து, வெறும் கத்தலாக வந்தது.

“கத்தறாரே.”

“குளிருக்குக் கத்தறாரு. இன்னொன்னு போடுங்க.”

இன்னொன்று. வெந்த மூச்சு முகத்திலேயே திரும்பி அடித்தது. இல்லை, சூடு சரியாக இருக்கிறது, மேலே போட்டால் வெந்துவிடும் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் குடையை விரித்துக்கொண்டு கால்வாய்க்கரையில் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாவது விழுந்தது. வெளியே யாரோ பேசினார்கள். தூரத்துப் பேச்சு. உள்ளே, விலாப் பக்கத்தில், ஈரமாக ஏதோ அசைந்தது. தொடைக்கருகே இன்னொன்று. கழுத்தடியில். மெல்லிசாக, நூற்றுக்கணக்கில், மேடை முழுக்க, அவரோடு சேர்ந்து அவை கத்தத் தொடங்கின.

“சத்தம் அடங்கிட்டு வருது பாருங்க,” என்றது செயலாளரின் குரல். “கதகதப்பு வந்துடுச்சு. தூங்கட்டும்.”

பஞ்சுத் திரை விழுந்தது.

அப்புறம், தரையில் நகம் கீறுகிற சத்தம். கோழி கூடையிலிருந்து எழுந்துவிட்டது. நிதானமாக வந்தது. மேடைமேல் தாவியது. போர்வைகளின் மேல் நடந்து, வயிற்றைக் கடந்து, மார்பைக் கடந்து, முகத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. இறகை விரித்து, உடம்பைக் குலுக்கி, மெல்ல அமர்ந்தது. குஞ்சு வெளிவரும் நேரத்தில் தாய்க்கோழி போடுகிற அந்தத் தாழ்ந்த கொக்கரிப்பைப் போட்டது.

அதற்குப் பதில் சொல்வதுபோல் அவருடைய வலது இமை உள்ளேயிருந்து விரிசல் விட்டது.