மருந்து தொடாதவளின் ரத்தத்தில் மருந்து

தையல்காரியின் ரத்தத்தில் இருக்கவே கூடாத ஒன்று இருந்தது. மருந்து.

எச்.ஐ.வி. தொற்றி ஒன்பது ஆண்டுகளாகியும் ஒரு மாத்திரைகூடத் தொடாமல் வைரஸை அடக்கி வைத்திருப்பவள் அவள். நூற்றில் ஒருவருக்குக்கூட வாய்க்காத வரம். அவளை நம்பித்தான் அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சியே ஓடியது. அவளுக்கு நோயைக் கொடுத்த கணவனோ தினமும் மாத்திரை சாப்பிட வேண்டிய எலக்ட்ரீஷியன். இப்போது வைரஸ் எகிறி, காய்ச்சலில் சுருண்டு வார்டில் கிடந்தான்.

"புருஷன் மாத்திரையைத் திருடித் தின்னுட்டு நம்ம காதுல பூச்சுத்தியிருக்கா," என்றார் பெரிய டாக்டர். "சாயங்காலத்துக்குள்ள அவளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துடுங்க. அவன் செத்தா போலீஸ்தான்."

இளைய டாக்டரம்மாவுக்கு அங்கே 'குடைச்சல்' என்று பெயர். மனதில் ஒன்று உறுத்தினால் உட்காரமாட்டாள், அடுத்தவரையும் உட்காரவிடமாட்டாள். வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தவள், நேரே தையல்காரியிடம் போய் நின்றாள்.

"மாத்திரை எடுத்தியாம்மா?"

"எனக்கு எதுக்கு? வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வீட்டுல சமையல் யாரு?"

"நான்தான். காலைக் காபி மட்டும் அவர். கொஞ்ச நாளா ஒரே கசப்பு. ஆசையாப் போட்டுத் தர்றாரேன்னு சர்க்கரையை அள்ளிப் போட்டு முழுங்கிடுவேன்."

அடுத்து வார்டு.

"மாத்திரை எப்பவாவது குறைஞ்சுதா?"

"இல்லீங்க. மாசக் கடைசியில சரியாத் தீரும்." எலக்ட்ரீஷியன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

குடைச்சலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உறைபெட்டியில் கிடந்த தையல்காரியின் பழைய ரத்தத்தையெல்லாம் பரிசோதிக்கச் சொன்னாள். முடிவு வரும்வரை ஆய்வகக்காரரின் உயிரை எடுத்தாள்.

மாலை ஐந்து மணி. தையல்காரியையும் பெரிய டாக்டரையும் கணவனின் கட்டிலருகே நிறுத்தினாள்.

"இவ பழைய ரத்தத்துல மருந்தும் இல்ல, வைரஸும் இல்ல. வைரஸ் ஓயாம வேஷம் மாத்தும். ஆனா சில இடத்தை மாத்தினா அதுவே முடங்கிடும். இவளோட எதிர்ப்பு அணுக்கள் கரெக்டா அந்த இடத்தைத்தான் பிடிக்குது. இவ பொய் சொல்லல, சார். மருந்து வந்தது கடைசி மூணு மாசத்துலதான்."

"அப்ப திருட்டு?"

"பொருளைப் பறிகொடுத்தவன் சும்மா இருப்பானா? இவ எடுத்திருந்தா மாத்திரை பாதி மாசத்துலயே தீர்ந்திருக்கும், இவர் கத்தியிருப்பார். இவரோ சரியாத் தீருதுங்கறார். ஆனா இவர் ரத்தத்துல மருந்து துளிகூட இல்ல." எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பினாள். "அதைப் பொடிச்சுக் காபியில போட்டது நீங்கதானே?"

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

"சில பேருக்கு இந்த அதிர்ஷ்டம் ஒருநாள் கைவிட்டுடும்னு பெரிய டாக்டர் சொன்னாருங்க. அன்னையிலிருந்து எனக்குத் தூக்கமே இல்ல. மாத்திரை சாப்பிடச் சொன்னா மாட்டேங்கறா. நோயைக் கொடுத்தவன் நான். இவ போய் நான் இருந்தா நல்லாவா இருக்கும்?"

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பழைய மாத்திரையே இவருக்கு வேலை செய்யும்," என்றாள் குடைச்சல். "இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

தையல்காரி அழுதாள். கோபமும் வந்தது, கணவனின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "நீங்க போயிட்டா நான் யாருகூடச் சண்டை போடுறது?"

மாத்திரையை அவன் வாயில் போட்டுத் தண்ணீரைக் கொடுத்தாள். விழுங்கிவிட்டேன் என்று அவன் தலையாட்டினான்.

அவள் நகரவில்லை.

"வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க."