ஜெனரேட்டர் வந்த மதியம்

புயல் அடித்து ஒன்பது நாட்களாகியும் பட்டுக்கோட்டையின் ஓரத்திலிருந்த அந்தத் தெருவுக்கு மின்சாரம் வரவில்லை. பள்ளிக்கூடமும் திறக்கவில்லை. விழுந்து கிடந்த தென்னை மரத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

கடல் முன்பைவிடச் சூடாகிவிட்டது, அதனால்தான் புயலுக்கு இவ்வளவு பலம் என்றாள் ரிஃப்கா. மூஸா ஒத்துக்கொள்ளவில்லை. நம் தெருக் கம்பங்கள் எல்லாம் துருப்பிடித்த கிழங்கள், பக்கத்தில் நின்று தும்மினாலே விழுந்துவிடும் என்றான்.

"ரெண்டும் இல்ல. லைன்மேனுங்க எங்கயோ படுத்துத் தூங்குறாங்க" என்றாள் அஃப்ரீன்.

எல்லோரும் சிரித்தார்கள். வானதி தரையைப் பார்த்தாள்.

அவள் அப்பா லைன்மேன். புயலுக்கு முந்தைய வாரம்தான் அவர்கள் இங்கே குடிவந்திருந்தார்கள். அப்பாவுக்குக் கவர்மெண்ட் வேலை என்று மட்டும் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். புயலன்று போனவர் அதன்பின் குளிப்பதற்கு மட்டும் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார்.

அன்று மதியம் தெருக்கோடியில் புதுக் கம்பம் நட்டார்கள். மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் அதில் ஏறினார். ஏறும் விதத்திலேயே வானதி கண்டுபிடித்துவிட்டாள். அப்பாதான்.

அதே நேரம் ரிஃப்காவின் மாமா ஜாஃபர் சாதிக் வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். சார்ஜ் இல்லாத போன்களோடு பாதித் தெரு கூடிவிட்டது. கத்தாரில் வேலை பார்க்கும் தன் அத்தாவிடம் பேச ரிஃப்கா முதல் ஆளாக நின்றாள். சாவித்திரி அக்கா ஊறவைத்த உளுந்தையும் மிக்ஸியையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

மாமா ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக் பாயிண்டில் செருகினார். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யக் குனிந்தார்.

வானதி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, மெயின் சுவிட்சை அணைச்சிட்டீங்களா?"

"அதை அணைச்சிட்டா நெஜக் கரண்ட் வர்றது எப்படிம்மா தெரியும்?"

அதானே, என்றது கூட்டம்.

"அணைக்கலன்னா இந்தக் கரண்ட் வெளியே தெருக் கம்பிக்கும் போயிடும் மாமா. அங்க ஒருத்தர் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு." அவள் கம்பத்தைக் காட்டினாள். "எங்க வீட்ல பல்பு சுவிட்சைப் போட்டே வைக்கிறேன். எரிஞ்சதும் நானே ஓடி வந்து சொல்றேன்."

மாமா திரும்பிக் கம்பத்தைப் பார்த்தார். கயிற்றை விட்டுவிட்டு உள்ளே போனார். மெயின் சுவிட்ச் 'டக்' என்று இறங்கியது.

பிறகுதான் ஜெனரேட்டர் உறுமியது. உளுந்து அரைபட்டது. ரிஃப்காவின் போன் உயிர்பெற்றது. கம்பத்தில் இருந்தவர் எதுவும் தெரியாமல் ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் உனக்கு யாருடி சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டாள் அஃப்ரீன்.

வானதி இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

"கம்பத்து மேல நிக்கிறாரே, அவருதான் எங்க அப்பா."