யன்னலுக்குக் கீழே ஊற்றிய பால்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆட்டோ, கடற்கரை ஒழுங்கையில் மணலில் புதைந்து நின்றுவிட்டது. ஆன்சலா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிச்சத் தூரத்தை நடந்தே வந்தாள். பிறந்து ஒரு கிழமையான பொடியன். தூக்கினால் துவாயின் பாரம்தான் தெரிந்தது. நிறை கூடாவிட்டால் திரும்பவும் வார்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லித்தான் முல்லைத்தீவிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

மிட்வைஃப் கிருசாந்தி பின்னேரமே வந்து பார்த்தாள்.

“இரவிலயும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பால் குடுங்கோ. நித்திரையெண்டாலும் எழுப்பிக் குடுக்கவேணும். மிஞ்சினதைக் கையால எடுத்துவிடுங்கோ, இல்லாட்டிக் கட்டிப்போகும்.”

அவள் போனதும் மாமியார் புனிதமலர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். “எடுக்கிற பாலைக் கண்ட இடத்தில ஊத்தாத பிள்ளை. எறும்பு குடிச்சா உனக்கு வத்திப்போகும். கிணத்தடி வாழைக்குக் கொண்டுபோய் ஊத்து.”

பகலில் அப்படியே செய்தாள். இரவில் யார் கிணற்றடிக்குப் போவது? புருசன் வின்சன் கடலுக்குப் போய்விட்டான். மாமி அடுத்த அறையில் குறட்டை. வெளியே கும்மிருட்டு. போனில் அலாரம் அடித்ததும் பிள்ளைக்குக் கொடுத்தாள்; மிஞ்சியதைச் சிரட்டையில் எடுத்து, யன்னலால் ஊற்றிவிட்டுப் படுத்தாள். எறும்புக்குத் தெரியவா போகிறது என்ற அசட்டுத் துணிச்சல்தான்.

சில இரவுகள் போக, யன்னலுக்குக் கீழே சத்தம் கேட்டது.

சப்புகிற சத்தம்.

நாயென்றால் நக்கும். இது இழுத்தது, நிறுத்தி மூச்சு விட்டது, மறுபடி இழுத்தது. காலையில் போய்ப் பார்த்தாள். மணலில் கையளவு குழி. அதன் விளிம்பில் திரைந்த பால், மஞ்சளாய், நூல் நூலாய் ஒட்டிக்கிடந்தது. புளித்த வாடைக்கு அடியில் ஏதோ அழுகிய நாற்றம். ஓர் எறும்புகூடக் கிட்டப் போயிருக்கவில்லை. ஓங்காளித்துக்கொண்டே உள்ளே ஓடிவந்தாள்.

அன்றிரவு யன்னலைப் பூட்டினாள். பால் ஊற்றவில்லை.

அது அழத் தொடங்கியது.

சளி அடைத்த, மெல்லிய அழுகை. அவள் பிள்ளையோ சேலை ஏணைக்குள் அசையாமல் நித்திரை. வெளியே அது அழ அழ, ஆன்சலாவின் மார்பு விண்ணென்று தெறித்துச் சட்டை நனைந்தது. தன் உடம்பின் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. எந்தக் கழிசடை அழுதாலும் சுரந்துவிடுமா இது? உள்ளங்கையால் அழுத்தினாள், விரலிடுக்கால் வழிந்தது.

பிள்ளையை எழுப்பி வாய் வைக்கக் கொடுத்தபோது அவனுக்கு ஒன்றும் வரவில்லை. சப்பிக் களைத்து விட்டுவிட்டான். ஒவ்வோர் இரவும் இதே கதைதான்.

கிருசாந்தி திரும்ப வந்து பிள்ளையை நிறுத்தபோது, தராசு ஊசி முன்னையிலும் கீழே நின்றது.

“இன்னும் ஒருக்கா வந்து பாப்பன், தங்கச்சி. நிறை கூடேல்லை எண்டா வார்ட்தான்.”

அவள் படலையைத் தாண்டியதும் ஆன்சலா மெல்லக் கேட்டாள். “மாமி, நான் யன்னலாலதான் பால் ஊத்தினனான். அதுக்குக் கீழ என்ன கிடக்கு?”

புனிதமலரின் விரல் செபமாலையில் நின்றது.

“சண்டை நேரம் அதில பதுங்கிற பங்கர் வெட்டியிருந்தது. நாங்கள் முகாமால திரும்பி வரேக்க ஆரோ மூடியிருந்தவை. பால் இல்லாமச் செத்த பச்சைப் பிள்ளையொண்டை, தாய்க்காரி அதுக்குள்ள தாட்டுப்போட்டு ஓடினதாம்.”

“முதலே சொல்லியிருக்கலாமே.”

“பிள்ளை பெத்தவளுக்கு ஆர் இதைச் சொல்லுறது?”

அன்றிரவு ஆன்சலா பாயில் கிடந்தபடி பிள்ளையை இடப்பக்கம் அணைத்தாள். அவன் வெறும் மார்பைச் சப்பினான்.

வலப்பக்கத்தில் ஏதோ ஊர்ந்து வந்தது.

வாய் வைத்தது.

ஐஸ்போலக் குளிர். பல் முளைக்காத வழுவழுத்த முரசு, நாக்கில் மணல் நறநறத்தது. புளித்த நாற்றம் மூக்கில் ஏறிக் குமட்டியது. பிடித்து எறியக் கையை ஓங்கினாள்.

அந்த நேரம் பார்த்து இடப்பக்கமும் பால் பாய்ந்தது. பொடியன் மடக்கு மடக்கென்று விழுங்கினான். பிறந்ததிலிருந்து அவன் இப்படிக் குடித்ததில்லை.

ஓங்கிய கையை இறக்கினாள். சீ, குடித்துத் தொலையட்டும். என் பிள்ளைக்கும் கிடைக்கிறதே. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள்.

அடுத்த முறை தராசு ஊசி நன்றாக ஏறியது. கிருசாந்திக்கு வாயெல்லாம் பல்.

“பாத்தீங்களே, நேரத்துக்குக் குடுத்தா எப்பிடி வருதெண்டு. இப்பிடியே விடாமக் குடுங்கோ.”

“ஓம் மிஸ்,” என்றாள் ஆன்சலா.

இரவு அலாரம் அடித்தது. இரண்டு பக்கமும் குடித்து முடிந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள்; ஏவறை விட்டான். ஏணையில் கிடத்தினாள்.

மற்றத் தோளில் ஈரமாய் ஒரு பாரம் ஏறியிருந்து காத்திருந்தது.

குமட்டலை விழுங்கிக்கொண்டு அதையும் தட்டினாள்.