சோத்தாங்கைப் பக்கம்

"நாளைக்கு டி.சி. குடுத்திருவாங்களாம் மேடம். எம்மக வேணும்னே ரோபோவ ஒடச்சாளாம்" என்று அழுதபடி வந்து நின்றாள் பொன்னழகு. மகள் பவித்ரா எட்டாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டின் பாதியில் இழுத்து வந்திருக்கிறாள் போலும். பெண்ணின் இடது கை துப்பட்டாவுக்குள் ஒளிந்திருந்தது. வெளியே தெரிந்த நகங்களில் குழம்பு மஞ்சள். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ரோஸ்மேரி அதைக் கவனித்துக்கொண்டார்.

சித்தையன்கோட்டைப் பள்ளிக்கு எல்லோரும் ஒன்றாகவே போனார்கள். செல்போன் கடை இஷாக்கும் கூட வந்தான். துப்பு என்றால் அவனுக்குக் கால் தரையில் நிற்காது.

குழந்தைகளே பாகங்களைப் பூட்டி, லேப்டாப்பில் கட்டளை எழுதி ஓட்டும் ரோபோ வண்டி அது. இப்போது மேசைமேல் துண்டு துண்டாகக் கிடந்தது. பழனியில் நடக்கும் ரோபோ போட்டிக்கு இன்னும் இரண்டே நாள்.

"போட்டிக்குச் சேர்க்காம கட்டளை மட்டும் எழுத வச்சோம்னு கோவம் மேடம்" என்றார் ஆசிரியர் ஆனந்த்ராஜ். "நேத்து போன்ல வலதுபக்கம் திருப்பச் சொன்னேன். இவ இடதுன்னு எழுதியிருக்கா. காலையில ஓட்டிப் பார்த்தா, மேசையிலருந்து விழுந்து நொறுங்கிருச்சு."

இஷாக் லேப்டாப்பைக் குடைந்தான். "மேடம், நாலு திருப்பமும் இடது! கெடுக்கணும்னா ஒண்ணு போதுமே? தன் பேரப் போட்டே சேமிச்சிருக்கா."

ரோஸ்மேரி திரும்பினார். "சார், வலதுன்னா சொன்னீங்க? வாயில வந்த வார்த்தை அப்படியே வேணும்."

ஆனந்த்ராஜ் யோசித்தார். "'எல்லாத்தையும் சோத்தாங்கைப் பக்கம் திருப்பு'ன்னேன். ரெண்டும் ஒண்ணுதானே?"

"நமக்கு ஒண்ணுதான். இடது கையால சோறு திங்கிற பிள்ளைக்கு? இவ நகத்தப் பாருங்க. நீங்க சொன்னத அட்சரம் பிசகாம செஞ்சிருக்கா."

ஆனந்த்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஹெச்.எம். கிட்ட நானே சொல்லிர்றேன். தப்பு என்னுதுதான்" என்றார்.

இஷாக்குக்குப் பொறுக்கவில்லை. "இத நீயே சொல்லியிருக்கலாமே பாப்பா?"

பவித்ரா தாயைப் பார்த்தாள். பிறகு துப்பட்டாவிலிருந்து கையை எடுத்தாள். புறங்கையில் பழைய சூட்டுத் தழும்பு, கரண்டி அகலத்துக்கு.

"எந்தக் கையில சாப்புடுறேன்னு தெரிஞ்சா, அம்மா மறுபடியும் சூடு வப்பாங்க."

மகளுக்கு நியாயம் கேட்டு வெயிலில் ஓடி வந்தவள் பொன்னழகு. வாங்கியும் கொடுத்துவிட்டாள். ஆனால் அந்த மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.